படம் சொல்வதும் சொல்லாததும்

திருகோணமலை உப்புவெளிக் கடலுக்குள் சூரியன் இறங்குகிற படம் ஒன்று உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், அனுப்பியவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். அந்தக் கரை கிழக்கைப் பார்த்தது. அங்கே சூரியன் கடலிலிருந்து எழும். மாலையில் வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் பின்னால் போய்விடும். ஆகவே அது காலைப் படமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஊர்ப் படமாக இருக்க வேண்டும். உள்துறைமுகப் பக்கம் போய் நின்றால் தண்ணீருக்கு மேல் அந்தியைப் பார்க்கலாம். ஆனால் அது உப்புவெளி அல்ல. இன்னும் பார்க்கலாம். உப்புவெளியில் கடலைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம், தெற்கே, கோணேசர் மலை நீட்டிக்கொண்டு நிற்கும். மார்கழியில் எடுத்த படம் என்று எழுதியிருந்தால் கடல் அவ்வளவு அடங்கிக் கிடக்காது. அது வாடைக்காற்றுக் காலம்.

ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு இதெல்லாம் யோசிக்காமலே பிடிபடும். அந்தக் கவனத்தை ஊர்ப் படங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் வட்ஸ்அப்பிலும் வருகிற எல்லாப் படங்களுக்கும் பழக்குவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. செய்தி எழுதப் புறப்படும் இளைஞர்களையும் ஊடகக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

மூன்று வகைக் குறிகள்

அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் பேர்ஸ் (1839–1914) குறிகளை மூன்றாகப் பிரித்தார். குறியியலில் எத்தனையோ பேர் எத்தனையோ வகைப்படுத்தினாலும், களத்தில் நிற்பவருக்கு இந்தப் பிரிப்பே அதிகம் உதவும்.

ஒத்திருப்பதால் பொருள் தருவது முதல் வகை. ஒருவரைப் போல வரைந்த ஓவியத்தைப் பார்த்து அவரை அறிந்துகொள்கிறோம். தொட்டுப் போன தடத்தால் பொருள் தருவது இரண்டாவது. ஈர மணலில் நண்டு ஓடிய கோட்டைக் கண்டால் நண்டு அங்கே ஓடியது உறுதி. நாம் அதைக் கண்ணால் காணாவிட்டாலும் உறுதி. ஊர் கூடி ஒத்துக்கொண்டதால் பொருள் தருவது மூன்றாவது. கொடி, எழுத்து, நிறம் எல்லாம் அதில் அடங்கும்.

மூன்றாவது வகைக்குத் திருகோணமலையிலேயே கனமான உதாரணம் இருக்கிறது. 1957 பெப்ரவரி 4, இலங்கையின் சுதந்திர தினம். அன்று மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி ஏற்றப் போன நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்புத் துணி கடையில் வாங்கக் கிடைப்பது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த மறு ஆண்டில், தேசியக் கொடி பறக்க வேண்டிய நாளில், ஊர் முழுக்க அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் ஏறியதால்தான் அந்தத் துணி உயிரை வாங்கும் அளவுக்குப் பொருள் பெற்றது. அந்த ஆண்டுகளில்தான் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழ்ப் பகுதிகளில் அந்த எழுத்தின்மேல் தார் பூசினார்கள்; தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள்மேல் பூசினார்கள். இரு தரப்புக்கும் தாரின் பொருள் தெரிந்தே இருந்தது.

2005 மே நடுவில் ஓர் இரவில் திருகோணமலை பேருந்து நிலையத்துக்கு அருகே புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டபோதும் இதே விதி வேலை செய்தது. விகாரையில் அமர்ந்திருக்கும் சிலையைப் பார்த்து யாரும் கடையடைப்பதில்லை. இடமும் வைத்த நேரமும் கேளாமல் வைத்த விதமும் சேர்ந்துதான் ஊரை ஹர்த்தாலுக்குக் கொண்டுபோயின. இப்படிப்பட்ட செய்திக்குப் படம் எடுக்கப் போகிறவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதில் எல்லாமே தங்கியிருக்கிறது. முகத்துக்கு அண்மையில் நின்று எடுத்தால் பக்திப் படம் வரும். இருபது அடி பின்வாங்கினால் சுற்றியுள்ள கடைகளும் தெருவும் சட்டகத்துக்குள் வந்து, அது செய்திப் படமாகும். இரண்டும் பொய்யல்ல. ஆனால் வாசகருக்கு நடந்ததைச் சொல்வது இரண்டாவது படம்தான்.

செய்திப் படத்தில் இந்த மூன்று வகைகளும் ஒன்றாக வேலை செய்கின்றன. ஆளை ஒத்திருக்கிறது, ஒளி பட்ட தடமாக இருக்கிறது, அதற்குள் கொடிகளும் உடைகளும் எழுத்துகளும் கிடக்கின்றன. பார்ப்பவர் இவற்றைப் பிரிக்காமல் ஒரே விழுங்காக விழுங்கிவிடுவதால்தான் ஏமாற்று எளிதாகிறது.

2006 ஜனவரி: சொல்லை உடைத்த படம்

இந்த மாவட்டத்தில் படத்தைப் பற்றிப் பேசும் எவரும் சுப்பிரமணியம் சுகிர்தராஜனைக் கடந்து போக முடியாது.

2006 ஜனவரி 2 மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். மாணவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து அவர்களே இறந்துபோனார்கள் என்பது படைத்தரப்பு முதலில் சொன்ன கதை. ‘சுடர் ஒளி’ பத்திரிகைக்கு எழுதிவந்த சுகிர்தராஜன் வைத்தியசாலைப் பிணவறைக்குப் போய் உடல்களைப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் அச்சில் வந்தபோது தலைகளில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. பிரேத பரிசோதனையும் துப்பாக்கிச் சூட்டையே சொன்னது. கைக்குண்டுக் கதை அத்தோடு நிற்க முடியாமல் போயிற்று. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட வழியில் சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதை வீரக் கதையாக மட்டும் சொல்லி வணங்கிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் குறைந்த மரியாதை. அந்தப் படங்கள் எப்படி வேலை செய்தன என்று படித்துப் பார்ப்பதே அவர் தொழிலைத் தொடர்பவர்கள் செய்ய வேண்டியது.

அந்தப் படங்களின் பலம் தடத்தில் இருந்தது. கைக்குண்டு வெடித்தால் சிதறல்கள் உடலில் ஒரு விதமாகப் பாயும். துப்பாக்கிக் குண்டு நுழைந்த துளை வேறு விதமாக இருக்கும். அந்த வேறுபாட்டைக் காட்டும் தூரத்துக்கு அவர் நெருங்கியிருந்தார். அழுகிற முகங்களையோ சவப்பெட்டிகளையோ எடுத்திருந்தால் படங்கள் மனதை உருக்கியிருக்கும். ஆனால் கைக்குண்டுக் கதைக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது. சர்ச்சை எதைப் பற்றியதோ, அதைத் தொடும் இடத்துக்குக் கமெராவைக் கொண்டுபோனதுதான் அங்கே நடந்த பத்திரிகைத் தொழில். படம் எடுக்கும் முன் ‘இங்கே எதை மறுக்கிறார்கள்?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்தால் எங்கே நிற்பது என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் கூர்ந்து பாருங்கள். அந்தப் படங்கள் ‘சுடப்பட்டார்கள்’ என்று சொல்லின. ‘யார் சுட்டார்கள்’ என்று சொல்லவில்லை; சொல்லவும் முடியாது. விசேட அதிரடிப் படையைச் சேர்ந்தவர்கள் 2013இல் கைதானார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லையென்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. படம் தன் எல்லை வரைக்கும் நேர்மையாகச் சாட்சி சொல்லிவிட்டது. அந்த எல்லைக்கு அப்பால் மனிதர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மனிதர்கள் சொல்லக்கூடிய நிலைமை இந்த நாட்டில் இருக்கவில்லை. ஒரு படத்தை வாசிக்கும்போது அது உறுதியாகச் சொல்வது எதோடு முடிகிறது என்று ஒரு கோடு கிழிக்கப் பழகுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை யாரும் அசைக்க விடாதீர்கள். அந்தப் பக்கம் இருப்பதைப் படத்தின் தலையில் ஏற்றாதீர்கள். ஏற்றினால் எதிராளி அந்தப் பாரத்தைக் காட்டியே முழுப் படத்தையும் தள்ளிவிடுவார்.

ஒரு கை மட்டும் தெரிந்த படம்

இறந்தவர்களின் காயங்களை அச்சில் போடலாமா என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். இதற்கு விடை தேடக் கடலூருக்குப் போவோம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு இரண்டு நாட்களுக்குப் பின், ரொய்ட்டர்ஸ் படப்பிடிப்பாளர் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வானது. ஒரு பெண் மணலில் விழுந்து கிடக்கிறார். இரண்டு உள்ளங்கைகளும் வானத்தைப் பார்த்தபடி விரிந்திருக்கின்றன. சட்டகத்தின் ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது, உடல் தெரியவில்லை. சற்று மேலிருந்து பார்க்கும் கோணம் அந்தப் பெண்ணை இன்னும் தரையோடு தரையாக்குகிறது. சுற்றிலும் வெறும் மணல். எந்த ஊர், எந்த மொழி, எந்தச் சமயம் என்று தேடும் கண்ணுக்கு அதிகம் கிடைப்பதில்லை. அதனால்தான் அந்த அழுகை கிண்ணியாவில் நின்று பார்த்தாலும் பண்டா ஆச்சேயில் நின்று பார்த்தாலும் தன் ஊர் அழுகையாகத் தெரியும்.

அங்கே மரணத்தை யாரும் மறுக்கவில்லை. கடல் வந்தது, ஆட்கள் போனார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். ஆகவே ஒரு கை போதுமாக இருந்தது. திருகோணமலையில் மரணத்தின் காரணமே மறுக்கப்பட்டது. ஆகவே காயம் தெரிய வேண்டியிருந்தது. நான் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான்: காயத்தைப் பற்றி வழக்கு இருந்தால் காயத்தைக் காட்டலாம், அதுவும் குடும்பத்தாரின் அறிவோடு. வழக்கு இல்லாத இடத்தில் உடலைக் காட்டுவது வாசகரின் ஆர்வத்துக்குத் தீனி போடுவதாகும். வீதி விபத்தில் இறந்தவரின் முகத்தை முதல் ஆளாக முகநூலில் ஏற்றுகிறவர்கள் எந்த மறுப்பையும் உடைக்கவில்லை. வீட்டாருக்குச் சேதி போய்ச் சேரும் முன்பே படம் போய்ச் சேர்ந்துவிடும் கொடுமை மட்டும்தான் அதனால் நடக்கிறது.

ஆளில்லாத கடற்கரை

துயரப் படங்களில் எச்சரிக்கையாக இருப்பவர்கள்கூட அழகான படங்களிடம் சரணடைந்துவிடுகிறார்கள். உப்புவெளியின் சுற்றுலாப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்குமான பருவத்தில் எடுத்த நீலக் கடல், வெள்ளை மணல், கரையில் ஒரு வள்ளம், பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை. இருந்தாலும் முதுகைக் காட்டி நடக்கும் ஒரு வெளிநாட்டவர்.

அந்த வள்ளம் யாருடையது? வலை எங்கே? படம் வந்த பாதையை யோசியுங்கள். விடியற்காலையில் அங்கே கரைவலை இழுத்திருப்பார்கள். நீண்ட வரிசையில் ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடந்திருப்பார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நின்று பார்த்திருப்பார். காகமும் நாயும் வந்திருக்கும். படப்பிடிப்பாளர் அதெல்லாம் ஓயும்வரை காத்திருந்தார், அல்லது அதெல்லாம் விழாத திசைக்குத் திரும்பினார். வள்ளத்தை மட்டும் விட்டுவைத்தார், ஏனென்றால் அது அலங்காரமாக இருக்கிறது. தொழில் போய்விட்டது, தொழிற்கருவி அழகுப் பொருளாக நிற்கிறது.

பிரெஞ்சு அறிஞர் ரோலண்ட் பார்த் 1964இல் எழுதிய கட்டுரை ஒன்றில் பன்சானி என்ற பாஸ்தா நிறுவனத்தின் விளம்பரத்தை இப்படித்தான் பிரித்துக் காட்டினார். வலைப்பையிலிருந்து சரியும் தக்காளியும் மிளகாயும் வெங்காயமும் முதலில் வெறும் மரக்கறிகள். அடுத்த தட்டில் அவை சேர்ந்து ‘இத்தாலி’ என்று சொல்கின்றன. ஓர் இத்தாலியருக்கு அந்த இரண்டாவது பொருள் அவ்வளவாகத் தெரியாது, பிரெஞ்சுக்காரருக்கே தெரியும் என்றும் பார்த் கவனித்தார். உப்புவெளிப் படமும் அப்படித்தான். அதிலுள்ள ‘சொர்க்கம்’ கொழும்பிலிருந்தும் பெர்லினிலிருந்தும் பார்ப்பவருக்கே தெரிகிறது. உப்புவெளியை ஒட்டிய அலஸ்தோட்டத்து மீனவருக்கு அது காற்று விழுந்த கடல், அவ்வளவுதான்.

தெற்கே வெலிகம, கொக்கலைப் பக்கம் கடலில் நட்ட தடியில் அமர்ந்து தூண்டில் போடுபவர்களின் படம் இலங்கை முழுவதற்கும் அடையாளமாகிவிட்டது. ஸ்டீவ் மக்கரி 1995இல் வெலிகமவில் எடுத்த படம் உலகம் சுற்றியது. இன்று அங்கே பலர் மீனுக்காக அல்லாமல் கமெராவுக்காகவே தடியில் ஏறுகிறார்கள். படம் எடுப்பவர் காசு கொடுக்கிறார். கிழக்கில் இல்லாத அந்தத் தொழில் கிழக்கின் விளம்பரங்களிலும் தலைகாட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கரைவலை ஏன் அப்படி அடையாளமாகவில்லை? தடியில் இருப்பவர் தனி மனிதர், வானத்துக்கு எதிரே தெளிந்த கோடு. கரைவலையோ கூட்டம், கயிறு, முதலாளி, கூலி, பங்கு. விளம்பரம் ஒற்றை ஆளை விரும்புகிறது. கூட்டத்தைக் காட்டினால் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

கையால் செய்து பார்க்க

கரைவலை இழுக்கும் காலை ஒன்றில் கைத்தொலைபேசியோடு உப்புவெளிக்குப் போங்கள். ஆட்களிடம் கேட்டுவிட்டு, நின்ற இடத்தை விட்டு அசையாமல் மூன்று படம் எடுங்கள். முதலாவது கடலை மட்டும் பார்த்து. இரண்டாவது முழங்கால் உயரத்துக்குக் குனிந்து, கயிற்றையும் கால்களையும். மூன்றாவது உடம்பைத் திருப்பி, இழுப்பவர்களும் பின்னாலுள்ள ஹோட்டல் மதிலும் ஒன்றாக வரும்படி. மூன்றையும் மூன்று நண்பர்களுக்குத் தனித்தனியாக, எழுத்து எதுவும் இல்லாமல் அனுப்பி ‘இது என்ன?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒருவர் விடுமுறை என்பார், ஒருவர் உழைப்பு என்பார், ஒருவர் காணிப் பிரச்சினையா என்று கேட்பார். மணல் ஒன்றே, நேரமும் ஒன்றே.

அடுத்து, ஊடகத்தில் வந்த ஒரு படத்தை எடுத்து அதன் கீழ் உள்ள வரியைப் பெருவிரலால் மறையுங்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் உரத்துச் சொல்லுங்கள். ‘போராட்டக்காரர்’ என்று சொல்லாதீர்கள். ‘கை உயர்த்திய ஆண்’ என்று சொல்லுங்கள். பிறகு விரலை எடுத்து வரியைப் படியுங்கள். நீங்கள் சொன்னதற்கும் வரி சொல்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவும் யாரோ சேர்த்தது. சேர்த்தது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குப் படம் பொறுப்பல்ல, எழுதியவர் பொறுப்பு. பார்த் இந்த வேலையை நங்கூரமிடுதல் என்றார்: பல பக்கமும் போகக்கூடிய படத்தின் பொருளை எழுத்து ஓரிடத்தில் நிறுத்துகிறது.

நங்கூரத்தைப் பொய்யாகவும் போடலாம். ஆழிப்பேரலைக்குப் பின் மின்னஞ்சலில் சுற்றிய பிரமாண்ட அலைப் படங்களில் சில, 2002இல் சீனாவின் சியாந்தாங் ஆற்றில் எடுத்தவை. கடல் ஏற்றத்தின்போது அந்த ஆற்றை எதிர்த்து ஏறும் பேரலையைப் பார்க்க ஆண்டுதோறும் கூட்டம் கூடும். படத்தில் அந்தக் கூட்டம் தெரிந்தது. வேடிக்கை பார்க்க ஆட்கள் முன்கூட்டியே வந்து நிற்கும் அலை எப்படி ஆழிப்பேரலையாக இருக்கும் என்று கேட்டிருந்தாலே போதும், யாரும் கேட்கவில்லை. கரையில் உறவுகளைத் தேடிக்கொண்டிருந்தவர்களின் துயரத்தோடு அந்தப் படங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

இன்றைக்குக் கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டால் அது முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் காட்டிவிடும். அது காட்டாத இடத்தில் ஊர் அறிவு கைகொடுக்கும். பெயர்ப்பலகையில் மொழிகள் எந்த ஒழுங்கில் இருக்கின்றன? பழைய இலக்கத் தகட்டில் எந்த மாகாணத்து எழுத்து? நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? சீருடை எந்தப் படையினுடையது? செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களில் தமிழ், சிங்கள எழுத்துகள் இன்னும் அடிக்கடி உளறுகின்றன. ஆனால் அந்த அடையாளத்தை நெடுநாள் நம்ப முடியாது. அப்படங்களுக்கு ஒத்திருத்தல் உண்டு, தடம் கிடையாது. ஆகவே படத்தின் தரத்தைப் பார்க்காமல் ‘எடுத்தவர் யார், மூலக் கோப்பு யாரிடம்?’ என்று கேளுங்கள். தடம் உள்ள படத்துக்குப் பின்னால் எங்கோ ஓர் ஆள் நின்றிருப்பார்.

நீங்கள் எடுக்கும் படங்களுக்கும் இந்தக் கேள்வி வரும். மூலக் கோப்பை வெட்டாமல், நிறம் மாற்றாமல் வேறாகச் சேமியுங்கள். வட்ஸ்அப்பில் போய் வந்த பிரதியை மூலம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அதில் எடுத்த நேரமும் கருவியும் பற்றிய தகவல் உதிர்ந்துவிடும். படத்தின் கீழே எழுதும் வரியில் உங்களுக்குத் தெரிந்ததோடு தெரியாததையும் எழுதுங்கள். மேலே சொன்ன பயிற்சியின் மூன்றாவது படத்துக்கு ஒரு மாதிரி வரி:

‘உப்புவெளிக் கடற்கரை, காலை 6.40. கரைவலை இழுக்கும் தொழிலாளர்கள். கரையில் நின்று மேற்குப் பார்த்து எடுத்தது. பின்னால் தெரிவது ஹோட்டல் மதில். கயிற்றின் மற்ற முனையைப் பிடித்திருப்பவர்கள் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி கேட்கப்பட்டது. முன்னால் நிற்பவர் பெயர் போட வேண்டாம் என்றார். மதில் இருக்கும் காணி பற்றி இந்தப் படத்திலிருந்து எதுவும் சொல்ல முடியாது.’